மொட்டைமாடியில் ஒரு தோசைக்கல்

அம்மாவின் தோசைக்கல்லை உடைத்தவன் நான்தான். முப்பத்தைந்து வருஷம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் உலோகத்தை அளந்து சம்பளம் வாங்கியவன், காய்ந்து கிடக்கும் வார்ப்பிரும்பின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்ற அரிச்சுவடியை மறந்துபோனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெங்களூர் விவேக் நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், 'ணங்' என்று ஒரு சத்தம். கல் நடுவாக்கில் பிளந்து அடுப்பின் இரண்டு பக்கமும் சாய்ந்தது.

அம்மாவுக்கு வயது 85. 1961-ல் கல்யாணமாகிக் குடியாத்தத்திலிருந்து ரயிலேறியபோது டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டியில் சுற்றி அந்தக் கல்லைக் கொண்டுவந்தாள். அப்போதே அது புதிதல்ல. பாட்டி சுட்ட கல். வாடகை வீடுகள் ஐந்தாறு மாறி, விவேக் நகரில் சொந்தமாக இந்தச் சின்ன வீட்டைக் கட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ் போய் காஸ் வந்து, அப்பா போன பிறகும் கல் இருந்தது. மனைவி ஆசைப்பட்டு வாங்கிய நான்-ஸ்டிக் தவாவை அம்மா தொட்டதில்லை. "அது வழுக்குது. தோசை கல்லப் புடிச்சிக்கணும், அப்புறம் விடணும்" என்பாள்.

உடைந்ததைப் பார்த்து அவள் திட்டவில்லை. "போனாப் போவுது, உடு" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

வீட்டுக்குள் காஸ் இருக்க, தோசைக்கல் மாடிக்கு ஏன் போயிற்று என்று கேட்கலாம். எங்கள் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகன், மகள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர் சேர்ந்துவிடுகிறோம். மாடியில் ஒரு அடுப்பு வைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று எனக்குத் தோன்றியது. மெஸ் நடத்திக் கைவிட்ட நண்பர் ஒருவரிடமிருந்து, விசிறி பொருத்திய பெல்லட் அடுப்பு ஒன்றை வாங்கி வந்தேன்.

பெல்லட் என்பது மரத்தூள், கடலைத்தோல், கரும்புச் சக்கை போன்றவற்றை அழுத்திச் செய்த, பென்சில் கனத்துக்குக் கட்டை கட்டையாக இருக்கும் எரிபொருள். பார்க்க மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கும். அடுப்பின் வயிற்றில் கொட்டி மேலே கற்பூரம் வைத்துக் கொளுத்தினால் தீ மேலிருந்து கீழாக இறங்கும். கீழேயிருந்து போகும் காற்றில் பெல்லட் வாயுவாகிறது. மேல் விளிம்பின் துளைகளிலிருந்து வரும் காற்றில் அந்த வாயு எரிகிறது. புகை அநேகமாக இல்லை. விசிறியைக் கூட்டினால் தீ சீறும், குறைத்தால் அடங்கும். ஆனால் கொட்டிய சரக்கு தீரும்வரை அணைக்க முடியாது.

பெங்களூருக்கும் இந்த அடுப்புக்கும் பழைய சம்பந்தம் உண்டு. இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் உருவான தொழில்நுட்பத்தை வைத்துத்தான் பி.பி. எண்ணெய்க் கம்பெனி 2006 வாக்கில் 'ஊர்ஜா' என்ற வீட்டு அடுப்பைக் கடைக்குக் கொண்டுவந்தது. சுமார் நாலு லட்சம் அடுப்புகள் விற்றன. பிறகு கரும்புச் சக்கை முதலான மூலப்பொருள்களின் விலை ஏறியது, பெல்லட் விலையும் ஏறியது, குடும்பங்கள் கைவிட்டன. அடுப்பு நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் போடும் தீனிதான் கட்டுப்படியாகவில்லை. ஒரு கிலோ காஸ் தரும் சூட்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ பெல்லட் வேண்டும் என்பது அப்போதும் இப்போதும் மாறாத கணக்கு.

அன்றைக்கு நான் விசிறியை முழு வேகத்தில் வைத்து, அம்மாவின் கல்லை இருபது நிமிஷம் சும்மா காயவிட்டேன். பிறகு "ரொம்பக் காஞ்சிட்டுது போல" என்று யாரோ சொல்ல, ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தேன். வார்ப்பிரும்பில் கரி இரண்டு முதல் நாலு சதவீதம் வரை இருக்கும். அந்தக் கரி உள்ளே மெல்லிய செதில்களாகப் படிந்திருப்பதால் இரும்பு வளைந்து கொடுக்காது. ஒரு பக்கம் சட்டென்று சுருங்கினால் செதில் வழியாகப் பிளந்துவிடும். இதையெல்லாம் பயிற்சிக்கு வரும் பையன்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

குற்ற உணர்ச்சி ஒரு மனிதனைப் பணிவுள்ளவனாக ஆக்கும் என்பார்கள். என்னை அது நிபுணனாக ஆக்கிவிட்டது. புதுக் கல் வாங்குவேன். வாங்குவதை விஞ்ஞான பூர்வமாக வாங்குவேன் என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் யோசனை கேட்டது அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகனிடம். அவன் வீட்டுப் பின்கட்டில் பெல்லட்டில் எரியும் 'கிரில்' இருக்கிறது. 1980களில் ஆரிகன் மாநிலத்து ஜோ டிரேகர் என்பவர் உருவாக்கி, 1986-ல் காப்புரிமை வாங்கிய சாதனம் அது. இப்போது அங்கே பல கம்பெனிகள் செய்கின்றன. அதில் வாட்டிய இறைச்சிதான் பிரதானம் என்றாலும், இவன் மேலே தட்டையான இரும்புத் தகடு ஒன்றைப் போட்டு தோசையும் வார்க்கிறான். "கனமாப் பாத்து வாங்குங்க சித்தப்பா, கனம்தான் முக்கியம்" என்றான். அவனுடைய அடுப்புக்கு அது சரி. அங்கே பெல்லட் ஒரு சின்னக் கிண்ணத்தில் எரிகிறது, அதன் மேல் தடுப்புத் தகடு, அதற்கும் மேல் மூடிய பெட்டிக்குள் சுழலும் அனல். கிட்டத்தட்ட பேக்கரி அடுப்பு மாதிரி. தீ நேராகக் கல்லைத் தொடுவதில்லை. அனல் எல்லாப் பக்கமும் பரவுகிறது. காற்று போக ஓரத்தில் இடம் விட்டு, கனமான தகட்டைப் பொறுமையாகக் காயவைத்தால் மூலைவரை ஒரே சூடு. என் அடுப்பில் ஆறு அங்குல வாய் வழியாகத் தீ நேராக மேலே பாய்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. 'கனம்' என்ற சொல் மட்டும் காதில் நின்றது.

இரண்டாவது யோசனை, கேட்காமலே கிடைத்தது. வியாழக்கிழமைகளில் எங்கள் பேட்டையில் உள்ள குழந்தை யேசு ஆலயத்துக்கு ஊரெல்லாம் திரண்டு வரும். 1971-ல் உருவான ஆலயம். வியாழன் அங்கே விசேஷம். தமிழ், கன்னடம், மலையாளம், உருது என்று தெருவில் நாலு பாஷை ஒரே நேரத்தில் கேட்கும். மெழுகுவத்தி, பூமாலைக் கடைகளைத் தாண்டி, ஒரு சந்து முனையில் தள்ளுவண்டியில் தோசை போடும் அம்மாள் எனக்குப் பல வருஷப் பழக்கம். அவர் கல்லின் கனத்தைக் கேட்டேன். கரண்டியால் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். என் சுண்டுவிரல் தடிமன் இருந்தது. அடியில் நீளமான காஸ் பர்னர், கல்லின் முழு நீளத்துக்கும்.

"வீட்டுக்கா சார்?"

"மாடிக்கு."

"யாரு சுடப்போறாங்க?"

அசட்டுக் கேள்வி என்று நினைத்தேன். "யாராவது சுடுவோம்" என்றேன். அவர் அடுத்த தோசைக்கு மாவை ஊற்றப் போய்விட்டார்.

கே.ஆர். மார்க்கெட் பக்கம் பாத்திரக் கடைகளும் இரும்புக் கடைகளும் நெருங்கிக் கிடக்கும் தெருக்களுக்கு அம்மாவையும் ஆட்டோவில் அழைத்துப் போனேன். சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர், கையில் ஓரடி எஃகு ஸ்கேல். கடைக்காரர் என் ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் மட்டும் "அஜ்ஜி, கூத்கொள்ளி" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கன்னடத்தில் தோசைக்கல்லுக்குக் 'காவலி' என்று பெயர். கடையில் காவலிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

நான் ஒவ்வொன்றாக விலக்கினேன். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல நாலு மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்தும். சீக்கிரம் காயும், மாவு விழுந்ததும் சீக்கிரம் ஆறும். மாடிக் காற்றில் இன்னும் மோசம். எவர்சில்வர் நேர் எதிர். சூட்டைக் கடத்துவதில் இரும்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தீ படும் இடம் கருகும், பக்கத்தில் பச்சை மாவு நிற்கும். நான்-ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெட ஆரம்பிக்கும். பெல்லட் தீ அந்த எல்லையை விசாரித்துக்கொண்டு வராது. சேலத்து மாக்கல் சூட்டை வெகுநேரம் பிடித்துவைக்கும், ஆனால் காய்வதற்குள் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். மேலும் ஒன்றை உடைத்த கை இன்னொன்றையும் உடைக்கும். மிஞ்சியது இரண்டு: வார்ப்பிரும்பு, இல்லையென்றால் இரும்புத் தகடு. வார்ப்பிரும்பின் மேல்தோல் சொரசொரப்பு எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பழகிவிட்டால் அதற்கு இணை கிடையாது. தகடு வழவழப்பு, பழகக் கொஞ்சம் நாளாகும். ஆனால் பிளக்காது. மெல்லியதாக இருந்தால் சூட்டில் நெளிந்து கிண்ணமாகும், கனமாக இருந்தால் நெளியாது.

எஃகு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். கனமான தகட்டில் மயிரிழைகூடத் தெரியவில்லை. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், பத்து மில்லிமீட்டர் கனம். தராசில் 21 கிலோ காட்டியது. கணக்குப் போட்டதும் கிட்டத்தட்ட அதேதான் வந்தது; அந்தச் சந்தோஷத்தில் வாங்கிவிட்டேன்.

அம்மா அதற்குள் ஒரு வட்டக் கல்லை எடுத்து மடியில் வைத்து விரல் கணுவால் தட்டிக்கொண்டிருந்தாள். காதைச் சாய்த்துத் தட்டினாள், அடுத்ததை எடுத்தாள், தட்டினாள். உள்ளே விரிசலோ காற்றுக்குழியோ இருந்தால் ஓசை அமுங்கும். தொழிற்சாலையில் வார்ப்புகளைச் சுத்தியலால் தட்டி நாங்கள் செய்த அதே சோதனை. "வேணுமாம்மா?" என்று கேட்டேன். "நீதான் பெருசா வாங்கிட்டியே, இது எதுக்கு" என்று அடுக்கிலேயே வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, தகட்டை மாடிக்கு ஏற்ற நானும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அதன் இயந்திர எண்ணெயைத் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிப் பழக்கியிருந்தேன். எண்ணெய் சூட்டில் இறுகி இரும்பின் மேல் தோலாகப் படிவதுதான் 'பழக்குவது' என்பதன் சூட்சுமம். அதெல்லாம் சரியாகவே செய்தேன்.

தகட்டை அடுப்பின் மேல் வைத்தவுடன் தீ திணறிப் புகை கக்கியது. வாயை முழுசாக மூடிவிட்டேன். மூன்று செங்கல் துண்டுகளை முட்டுக்கொடுத்து ஓர் அங்குலம் உயர்த்தினேன். எண்ணெய் ஊற்றினால் தென்கிழக்கு மூலைக்கு ஓடியது. மழைத் தண்ணீர் வடிய மாடித் தளம் சரிவாகத்தானே போட்டிருக்கும். ஓட்டுச் சில்லு தேடிச் செருகினேன். காய்வதற்கு இருபத்தைந்து நிமிஷம். 21 கிலோ இரும்பை 200 டிகிரிக்குக் கொண்டுபோக, என் கணக்குப்படி, முதல் தோசைக்கு முன்பே கால் கிலோ பெல்லட்டுக்கு மேல் போய்விட்டது. தண்ணீர் தெளித்தேன், நடுவில் முத்து முத்தாக உருண்டு ஓடியது, ஓரத்தில் சும்மா நனைந்து கிடந்தது. ஆறு அங்குலத் தீ இரண்டடி இரும்பின் நடுவில் மட்டும் ராஜ்யம் நடத்தியது. நடுவில் ஊற்றியவை முறுகலாக, உண்மையைச் சொன்னால் ஓட்டல் தோசையையே தோற்கடிக்கும்படி வந்தன. ஓரத்தில் ஊற்றியவை வெளுத்து ஆவியில் வெந்த மாதிரி. எப்படியோ எல்லாரும் சாப்பிட்டார்கள். பேரன் ஏழு தின்றான்.

அம்மா மாடிக் கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தகட்டின் உயரத்துக்கு அவள் கை எட்டவில்லை. நின்றால் முழங்கால் தாங்காது. கரண்டியை நான் விடவுமில்லை. நடுவில் சுட்ட நல்ல தோசையாகப் பார்த்து அவளுக்குக் கொண்டுபோனேன்.

"எப்படி இருக்கும்மா?"

"நல்லாத்தான் இருக்குது." ஒரு வாய் மென்றாள். பிறகு சொன்னாள்: "இனிமே ஞாயித்துக்கெழம எனக்கு வேல இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் போலச் சொன்னாள். வண்டிக்கார அம்மாள் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குள் வந்து விழுந்தது.

அன்றிரவு உடைந்த கல்லின் இரண்டு துண்டுகளையும் எடுத்து உட்கார்ந்தேன். பழைய இரும்புக்காரருக்குப் போட அம்மா சம்மதிக்காமல் தன் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். பிளந்த விளிம்பு ஒரு வசதி: முழுக் கல்லில் எட்டாத நடுப்பகுதியை வெர்னியரில் அளக்க முடிந்தது. ஓரத்தில் 5.1 மில்லிமீட்டர், நடுவில் 3.8. வார்த்தபோதே அப்படியா, அல்லது பாட்டியும் அம்மாவும் கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தேய்த்ததா, சொல்ல முடியாது. இரண்டு துண்டும் சேர்ந்து இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் அதிகம். என் தகட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒரு கையால் தூக்கிக் கழுவி, ஒரு கையால் ஆணியில் மாட்டக்கூடிய எடை.

மறுநாள் காலை அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் கே.ஆர். மார்க்கெட் போனேன். காலிப்பரை வீட்டில் வைத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், பையில்தான் இருந்தது. ஆனால் எடுக்கவில்லை. அம்மா பதினோரு கல்லைத் தட்டினாள். மூன்றை ஒதுக்கினாள். அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக வலது கையில் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவதில் கை நடுங்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் வார்த்தது என்றார் கடைக்காரர். பதினோரு அங்குல வட்டம். அடுப்பின் வாய்க்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஓரம்வரை சூடு போகிற அளவு. எடை, வீட்டுக்கு வந்து பார்த்தேன், இரண்டு கிலோ இருநூறு.

அதைப் பழக்க என்னை விடவில்லை. ஒரு வாரம் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தித் தேய்த்தாள். முதல் மூன்று தோசைகள் பிய்ந்து வந்தன. அவற்றைக் காக்கைக்கு வைத்தாள். நாலாவது ஓரம் தூக்கியது. "புடிக்குது, உடுது" என்றாள் மனைவியிடம். "ஆமாம் அத்தை" என்று மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

பெரிய தகடு இப்போது மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறக்காமல் இருக்க உதவுகிறது. மகன் அதற்கேற்ற நீளமான பர்னருடன் ஏதோ ஏற்பாடு செய்யப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். செய்யட்டும், தகட்டில் குற்றமில்லை.

போன ஞாயிறு அடுப்பைத் தரையில் வைத்து, அம்மாவுக்கு மணை போட்டேன். நின்று சுடத்தான் முழங்கால் தாங்காது. உட்கார்ந்துவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம் சலிக்காமல் சுடுகிறாள். ஒரு சமயத்தில் ஒரு தோசைதான். ஒன்பது பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை பெல்லட் தீர்ந்து மறுபடி கொட்ட வேண்டிவந்தது. பசி தாங்காத பேரன், "கொள்ளுப்பாட்டி, அந்தப் பெரிய கல்லுலயே போட்டா ஒரே நேரத்துல ஆறு வருமே" என்றான்.

"வரிசையில நில்லுடா" என்றாள் அம்மா. பிறகு, விசிறிக் குமிழுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த என் பக்கம் திரும்பாமலே, கல்லின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீரை உதறி, அது சுருங்குகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கொறைடா" என்றாள். குறைத்தேன்.